எண்பது ஆண்டு கடந்தும் அந்த ஹாலிவுட் நடனப் படங்கள் ஏன் சலிப்பதில்லை?

1930களிலிருந்து 1950கள் வரை ஹாலிவுட்டில் வந்த நடனப் படங்களை இன்றைக்கும் ஏன் இத்தனை பேர் தேடிப் பார்க்கிறார்கள், கதையில் ஒன்றுமே இல்லையே, இது வெறும் பழமை மோகமா, புதிதாகப் பார்ப்பவர் எதில் தொடங்கலாம் என்பது கேள்வி.

கதையைப் பற்றிச் சொன்னது சரிதான். 'டாப் ஹேட்' (1935) படம் முழுக்க ஒரே ஒரு ஆள்மாறாட்டக் குழப்பத்தில் ஓடுகிறது. தன்னைச் சுற்றி வருகிறவனைத் தன் தோழியின் கணவன் என்று கதாநாயகி தவறாக நினைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பார்வையாளர்களும் கதைக்காகத் தியேட்டருக்குப் போயிருக்க மாட்டார்கள். பழமை மோகம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஃபிரெட் அஸ்டேரின் நடனத்தை இன்று யூடியூபில் பார்த்து வாயடைத்துப் போகிற இருபது வயதுக்காரருக்கு ஏங்குவதற்கு 1935 பற்றி எந்த நினைவும் கிடையாது.

நான் இத்தனை காலம் பார்த்ததில் எனக்குப் புரிந்த காரணம் இதுதான்: அந்தப் படங்களில் ஆடுகிறவரின் உடல் தலை முதல் கால்வரை தெரிகிறது, அவர் ஆடும் நேரமும் வெட்டுப்படாமல் தெரிகிறது. கண்ணெதிரே ஒருவர் செய்து காட்டுவதைப் பார்க்கிறோம். அதில் ஏமாற்று இல்லை என்று நம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற எல்லா அழகும் இதன் மேல்தான் நிற்கிறது.

இதைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தவர் அஸ்டேர். 1899இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமாஹா நகரில் பிறந்தவர். அக்கா அடேலோடு சேர்ந்து சிறுவயதிலேயே மேடையேறி, நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைகளிலும் லண்டனிலும் புகழ்பெற்றார். 1932இல் அடேல் திருமணம் செய்துகொண்டு மேடையை விட்டு விலகினார். ஜோடி இல்லாமல் போன அஸ்டேர் சினிமாவுக்கு வந்தார். 1933 கடைசியில் வெளியான 'ஃப்ளையிங் டவுன் டு ரியோ' படத்தில் அவரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் முதன்முதலாகச் சேர்ந்து ஆடினார்கள். அதில் இருவருமே கதாநாயகன், கதாநாயகி அல்ல, துணை வேடம்தான். ஆனால் ஜனங்கள் பேசியது அவர்கள் ஆட்டத்தைப் பற்றி. அதையும் சேர்த்து ஆர்கேஓ ஸ்டுடியோவில் 1939க்குள் மொத்தம் ஒன்பது படங்கள், பத்து வருடம் கழித்து எம்ஜிஎம்மில் இன்னும் ஒன்று.

செல்வாக்கு வந்ததும் அஸ்டேர் வலியுறுத்தியது ஒன்றைத்தான். நடனத்தை முழு உருவமாக எடுக்க வேண்டும், முடிந்தவரை ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். நடுவில் காலை மட்டும் காட்டுவது, பார்ப்பவர்களின் முகத்துக்குத் தாவுவது, இதெல்லாம் அவருக்கு ஆகாது. இப்படி எடுத்தால் தப்பிக்க வழியே இல்லை. மூன்றாவது நிமிடத்தில் ஒரு கால் தவறினாலும் மொத்தமும் மறுபடி முதலிலிருந்து. அதனால் படப்பிடிப்புக்குப் பல வாரங்கள் முன்பே ஒத்திகை தொடங்கிவிடும். நடன இயக்குநர் ஹெர்மிஸ் பேனும் அஸ்டேரும் முதலில் இருவராக உட்கார்ந்து அசைவுகளை அமைப்பார்கள். ஜிஞ்சரின் பகுதியை பேன் ஆடுவார். ஜிஞ்சர் வேறு படத்தை முடித்துவிட்டு வந்ததும் அதை அவருக்குக் கற்றுக்கொடுப்பார்.

'ஸ்விங் டைம்' (1936) படத்தில் இரண்டு நடனங்களை எடுத்துக்கொள்கிறேன். என் கணிப்பில் இந்தக் கலை எட்டிய உச்சங்களில் அவையும் அடக்கம்.

முதலாவது, நடனப் பள்ளிக் காட்சி. ஜிஞ்சர் அங்கே ஆசிரியை. அவரோடு பழக வேண்டும் என்பதற்காக, ஆடவே தெரியாதவர் போல நடித்து அஸ்டேர் மாணவராகச் சேர்கிறார். தடுக்கித் தடுக்கி விழுகிறார். பொறுமை இழந்த ஜிஞ்சர், உங்களுக்கெல்லாம் நடனம் வராது என்று சொல்லிவிட, அது முதலாளி காதில் விழுந்து அவருக்கு வேலை போய்விடுகிறது. உடனே அஸ்டேர் முதலாளியை உட்காரவைத்து, இவர் எனக்கு எவ்வளவு கற்றுத்தந்தார் என்று பாருங்கள் என்று சொல்லி ஜிஞ்சரைத் தளத்துக்கு அழைத்து வருகிறார். அடுத்த இரண்டு நிமிடங்களில் நடப்பதுதான் விஷயம். முதல் சில அடிகளில் ஜிஞ்சரின் முகத்தில் திகைப்பு. பிறகு அது சந்தோஷமாகிறது. அப்புறம் இவனோடு போட்டிபோட்டுப் பார்க்கலாம் என்ற துணிச்சல் வருகிறது. தளத்தைச் சுற்றியிருக்கும் தாழ்வான தடுப்பை இருவரும் துள்ளித் தாண்டுகிறார்கள். கோபித்துக்கொண்ட பெண் காதலியாவதற்கு ஒரு வார்த்தை வசனம் தேவைப்படவில்லை. கதை பலவீனம் என்று சொல்கிறவர்கள் கதையை வசனத்தில் தேடுகிறார்கள். இந்தப் படங்களில் கதை நடக்கும் இடம் நடனம்.

இரண்டாவது, படத்தின் முடிவை ஒட்டி வரும் பிரிவு நடனம். காலியான இரவு விடுதி, இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் படிக்கட்டுகள். இனி ஆடவே மாட்டேன் என்று அஸ்டேர் பாடுகிறார். ஆட்டம் உடனே தொடங்குவதில்லை. இருவரும் மெல்ல நடக்கிறார்கள், அந்த நடை எப்போது நடனமானது என்று பிடிக்க முடியாதபடி மாறுகிறது. முன்பு சந்தோஷமாக ஆடிய பாட்டுகளின் துண்டுகள் இசையில் திரும்ப வருகின்றன. படிகளின் உச்சியில் ஜிஞ்சர் சுழன்று சுழன்று, கடைசியில் அறையை விட்டு ஓடிப்போகிறார். இதைச் சரியாக எடுக்க நாற்பது டேக்குகளுக்கு மேல் ஆயின. ஜிஞ்சரின் காலில் ரத்தம் கசிந்து காலணி நனைந்தது. படத்தில் அந்த வலியின் சுவடு எங்கும் இல்லை.

ஜிஞ்சரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நுட்பத்தில் அவரைவிடத் தேர்ந்த நடனக்காரிகள் அஸ்டேருக்குப் பின்னாளில் ஜோடியாக வந்தார்கள். ஆனால் ஆடும்போது நடிப்பை நிறுத்தாதவர் ஜிஞ்சர். அஸ்டேர் ஆடுவதை அவர் கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும். 'டாப் ஹேட்' படத்தில் கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடும் பாட்டுக்கு அவரே விரும்பி நெருப்புக்கோழி இறகு வைத்த கவுனைப் போட்டார். இறகுகள் உதிர்ந்து அஸ்டேரின் கண்ணிலும் கோட்டிலும் ஒட்ட, பெரிய சண்டை. கூர்ந்து பார்த்தால் படத்திலேயே ஓரிரு இறகுகள் மிதப்பது தெரியும். அந்த உடையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அவர் பிடிவாதம்தான் சரி. அந்த நடனத்தின் பாதி அழகு அந்த இறகுகளின் அசைவில் இருக்கிறது.

இதில் தணிக்கைக்கும் பங்கு உண்டு. 1934 நடுவிலிருந்து ஹாலிவுட் தன் ஒழுக்க விதிகளைக் கடுமையாக அமல்படுத்தியது. படுக்கையறை, நீண்ட முத்தம், சூடான வசனம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. அஸ்டேர், ஜிஞ்சர் படங்களில் முத்தமே அபூர்வம். அந்த வேலையையும் நடனமே செய்தது. 'தி கே டிவோர்சி' (1934) படத்தில் கோல் போர்ட்டரின் பாட்டுக்கு வரும் நடனத்தில் ஜிஞ்சர் விலகிப் போகப் பார்க்கிறார், அஸ்டேர் ஒவ்வொரு வழியாக மறிக்கிறார், மெல்ல மெல்ல அவர் இணங்குகிறார். முடிவில் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பவரிடம் அஸ்டேர் ஒரு சிகரெட்டை நீட்டுகிறார். அன்றைக்கு இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அது என்னவென்று புரிந்திருக்கும். தணிக்கைக்காரர் வெட்ட அதில் எதுவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான பாணியும் அப்போது இருந்தது. வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி. முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாக அணிவகுப்புகளை நடத்தியவர். காமிராவைக் கூரைக்கு ஏற்றி, கீழே நூறு பெண்களைப் பூவாகவும் சக்கரமாகவும் விரித்து மூடினார். 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்', 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933' இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை. அமெரிக்காவில் வேலை தேடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாத ஆண்டு அது. பெர்க்லியின் காட்சிகள் பிரமிப்பூட்டுபவை. ஆனால் அங்கே ஆடுவது காமிரா, மனிதர்கள் அதற்கு வடிவம் கொடுக்கிறார்கள். அதனால் எனக்கு ஒருமுறை பார்த்த வியப்பு மறுமுறை அவ்வளவாக வருவதில்லை. ஒரே விதிவிலக்கு, 'கோல்ட் டிக்கர்ஸ்' படத்தின் கடைசிப் பாட்டு. போருக்குப் போன ஆண்கள் திரும்பி வந்து இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்பதைக் காட்டும் பாட்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான் முன்னாள் படைவீரர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய ஊக்கத்தொகையைக் கேட்டு வாஷிங்டனில் கூடாரமடித்து, ராணுவத்தால் விரட்டப்பட்டார்கள். பொழுதுபோக்குப் படம் ஒன்று அந்தக் காயத்தைத் தன் முடிவாக வைத்தது பெரிய காரியம்.

அப்புறம் ஜீன் கெல்லி. 1912இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர், குடும்பமே நடனப் பள்ளி நடத்தியது. அஸ்டேர் வால் கோட்டும் உயரத் தொப்பியுமாக மேல்தட்டு மிடுக்கோடு ஆடினார் என்றால், கெல்லி சுருட்டிவிட்ட கால்சட்டையும் வெள்ளைக் காலுறையுமாக உழைக்கும் மனிதனாக ஆடினார். எடை தரையை நோக்கி இருக்கும், தோள் விரிந்திருக்கும், பேஸ்பால் ஆட்டக்காரரின் பாய்ச்சல் இருக்கும். அவரும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கிய 'சிங்கிங் இன் தி ரெய்ன்' (1952) பற்றித் தெரியாதவர் குறைவு. அதன் மழைப் பாட்டைக் கவனியுங்கள். எம்ஜிஎம் வளாகத்தின் செட் தெருவைத் தார்ப்பாய் போட்டு மூடிப் பகலை இரவாக்கினார்கள். அவர் கால் எங்கெங்கே விழுமோ அங்கங்கே தரையைத் தோண்டிக் குட்டைகள் அமைத்தார்கள். தண்ணீரில் பால் கலந்ததால்தான் மழை தெரிந்தது என்று ஒரு கதை உலவுகிறது, அது உண்மையில்லை. பின்புறமிருந்து விளக்கு போட்டதால் ஒவ்வொரு துளியும் தெரிந்தது. கெல்லிக்கு அப்போது ஏறக்குறைய 103 டிகிரி காய்ச்சல். காட்சியில் ஷாட்டுகள் வெகு குறைவு. இசை விரியும் இடத்தில் கெல்லி குடையை விரித்துக்கொண்டு தெருவின் நடுவில் சுழல, காமிரா மேலேறுகிறது. அஸ்டேரிடம் காமிரா அடக்கமாகப் பின்தொடரும், கெல்லியிடம் அது கூடவே ஆடும். ஆனாலும் உடல் முழுசாகத்தான் இருக்கிறது.

அதே படத்தில் நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கு அப்போது வயது 19. நடனம் கற்றவர் அல்ல, ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்தவர். சில மாதங்களில் கெல்லிக்கும் டொனால்ட் ஓகானருக்கும் ஈடாக ஆட வேண்டும். ஒருநாள் தாங்காமல் ஒத்திகை அறையில் பியானோவுக்கு அடியில் ஒளிந்து அழுதுகொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் வந்த அஸ்டேர் அவரைத் தன் ஒத்திகைக்கு அழைத்துப்போய்ப் பார்க்கவிட்டார் என்று ரெனால்ட்ஸ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த மேதையும் வியர்த்து, கோபப்பட்டு, தவறுசெய்து, திரும்பத் திரும்ப முயல்வதை அவர் கண்ணால் பார்த்தார். மூவரும் சோபாவைக் குடைசாய்த்து முடிக்கும் காலை வணக்கப் பாட்டைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதை எடுக்கக் காலையில் தொடங்கி இரவு பதினோரு மணி வரை ஆனது.

டேப் நடனத்தின் சத்தம் பற்றி ஒரு விளக்கம். காலணியின் முன்னும் பின்னும் உலோகத் தகடு இருக்கும், ஆடுகிறவரே தாளக்கருவியாகிறார். படப்பிடிப்பில் பதிவாகும் சத்தம் சரிவராது என்பதால், பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் படத்தைப் பார்த்தபடியே மறுபடி தட்டிப் பதிவுசெய்வார்கள். ஆக, அந்தச் சத்தத்துக்காக நடனத்தை இரண்டு தடவை ஆட வேண்டும், இரண்டாவது தடவை இம்மி பிசகாமல். 'பிராட்வே மெலடி ஆஃப் 1940' படத்தில் எலனோர் பவலும் அஸ்டேரும் கண்ணாடித் தரையில் ஆடும் நடனத்தில் ஓரிடத்தில் இசைக்குழு முற்றிலும் நின்றுவிடும். இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் கேள்வியும் பதிலுமாகப் பேசும். தனியாவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போகும். பவல் மாதிரி ஆடியவர் பெண்களில் இல்லை, ஆண்களிலும் வெகு சிலரே.

இந்தக் கலையின் வேர் கறுப்பின மக்களிடம் இருக்கிறது. அஸ்டேரே ஜான் பபிள்ஸ் போன்ற கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவர். ஆனால் ஹாலிவுட் அவர்களுக்குக் கதாநாயக வேடம் தரவில்லை. ஃபேயர்ட், ஹெரால்ட் என்ற நிக்கலஸ் சகோதரர்கள் வரும் நடனங்களைக் கதையோடு ஒட்டாமல் தனியாக அமைத்தார்கள். நிறவெறி ஓங்கியிருந்த தென் மாநிலத் தியேட்டர்களில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிய வசதியாக இருக்க வேண்டும் என்பதே காரணம். இவ்வளவு அவமதிப்புக்கு நடுவில் அவர்கள் செய்ததை 'ஸ்டார்மி வெதர்' (1943) படத்தில் பாருங்கள். கேப் கேலவே இசைக்குழுவின் மேடைகளில் தாவி, பியானோ மேலேறி, கடைசியில் பெரிய படிக்கட்டில் ஒருவர் தலைக்கு மேல் மற்றவர் பாய்ந்து, கால்கள் இரண்டையும் முன்னும் பின்னுமாக முழுக்க விரித்து இறங்கி, கையை ஊன்றாமலே எழுகிறார்கள். அடுத்த படி, அடுத்த பாய்ச்சல். ஒத்திகையே இல்லாமல் ஒரே டேக்கில் அதை எடுத்ததாக அந்தச் சகோதரர்கள் சொன்னார்கள். முறையாக எந்தப் பள்ளியிலும் கற்காதவர்கள். பிலடெல்பியாவில் பெற்றோர் வாசித்த தியேட்டரில் மேடைக் கலைஞர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். 'ஸ்விங் டைம்' படத்திலேயே அஸ்டேர், கறுப்பின டேப் கலைஞர் பில் ராபின்சனுக்கு மரியாதை செய்வதாக முகத்தில் கறுப்புப் பூசி ஆடும் பகுதி ஒன்று உண்டு. நடனம் அபாரம், ஆனால் அந்தப் பூச்சைப் பார்க்க மனம் கூசுகிறது, கூசத்தான் வேண்டும்.

பரதநாட்டியத்துக்கும் இங்கே ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. 1950களின் ஹாலிவுட் நடன இயக்குநர்களில் முக்கியமான ஜாக் கோல், லா மெரி என்ற அமெரிக்கக் கலைஞரிடம் பரதம் பயின்றவர். லா மெரி 1930களில் இந்தியாவுக்கு வந்து அதைக் கற்றுச் சென்றவர். அரைமண்டி, கழுத்து அசைவு, பாதம் தட்டுவது, விரல் முத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்து ஜாக் கோல் ஸ்விங் இசையில் போட்டார். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று உடலின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக அசைக்கும் அமெரிக்க ஜாஸ் நடன முறையை உருவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். வைரங்களைப் பற்றி மர்லின் மன்றோ பாடும் புகழ்பெற்ற பாட்டுக்கு நடனம் அமைத்தவர் அவர்தான். 'கிஸ்மத்' (1955) படத்தின் நடனங்களில் பரதத்தின் சாயலை நேரடியாகவே காணலாம்.

இத்தனையும் ஏன் நின்றுபோனது? ரசனை மாறியது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அமைப்பு சிதைந்தது. வாரக்கணக்கில் ஒத்திகை நடத்த வேண்டுமென்றால் நடனக்காரர்கள், இசைக்குழு, இசை அமைப்பாளர்கள், தையல்காரர்கள், தச்சர்கள் என்று எல்லோரும் மாதச் சம்பளத்தில் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். எம்ஜிஎம்மில் ஆர்தர் ஃப்ரீட் தலைமையில் இருந்தது அப்படிப்பட்ட ஒரு குழு. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஸ்டுடியோக்கள் தியேட்டர்களையும் சேர்த்து வைத்திருக்கக் கூடாது என்ற நிலையை எடுத்தது. எடுத்த படம் எப்படியும் திரைக்கு வந்துவிடும் என்ற உறுதி போனது. தொலைக்காட்சி வேறு வீட்டுக்குள் வந்துவிட்டது. சம்பளப் பட்டியல் சுருங்க, ஒத்திகை சுருங்கியது. எம்ஜிஎம்மின் இசைத்தாள்களே பின்னாளில் குப்பையோடு குப்பையாக அழிக்கப்பட்டன. ஜான் வில்சன் என்ற பிரிட்டிஷ் இசை நடத்துநர் படங்களின் ஒலியைக் காதால் கேட்டே குறிப்பு குறிப்பாகத் திரும்ப எழுதி, 2009இல் லண்டன் பிபிசி பிராம்ஸ் இசை விழாவில் வாசித்துக் காட்டினார். ஒரு மனிதர் இவ்வளவு பாடுபடத் துணிந்தாரென்றால் அந்த இசையின் தரம் அப்படி.

பாதிப்பு மட்டும் நிற்கவில்லை. மைக்கேல் ஜாக்சன் 1988இல் வெளிவந்த தன் சுயசரிதையை அஸ்டேருக்குத்தான் அர்ப்பணித்தார். வெள்ளை கோட்டும் சாய்த்த தொப்பியுமாக அவர் ஆடும் 'ஸ்மூத் கிரிமினல்' காட்சிக்கு மூலம், 'தி பேண்ட் வேகன்' (1953) படத்தில் அஸ்டேர் ஆடும் துப்பறியும் நடனம்.

சரி, எதில் தொடங்குவது? முழுப் படமாகப் பார்க்கப் பொறுமை உண்டென்றால் 'சிங்கிங் இன் தி ரெய்ன்'. இந்த வகைப் படங்களில் கதையும் வசனமும் உண்மையாகவே நன்றாக அமைந்த ஒன்று அது. பேசும்படம் வந்தபோது ஹாலிவுட் பட்ட பாட்டை பெட்டி காம்டனும் அடால்ஃப் கிரீனும் அருமையாக எழுதியிருக்கிறார்கள். அடுத்து 'ஸ்விங் டைம்'. மூன்றாவதாக 'தி பேண்ட் வேகன்'. 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' (1951) படத்தின் 17 நிமிட பாலேவைப் பலரும் முதலில் பார்க்கச் சொல்வார்கள். நான் அதைக் கொஞ்சம் தள்ளிவைப்பேன். அதைவிட அதே படத்தில் கெல்லி பாரிஸ் தெருப் பிள்ளைகளோடு ஆடும் பாட்டு எனக்கு நெருக்கமானது.

முழுப் படம் வேண்டாம், ஒரே ஒரு நடனம் போதும் என்பவர் 'தி பேண்ட் வேகன்' படத்தில் அஸ்டேரும் சிட் சரீஸும் இரவில் சென்ட்ரல் பார்க்கில் ஆடும் மூன்று நிமிடத்தைப் பார்க்கலாம். அவர் மேடை டேப் நடனக்காரர், அவள் பாலே கலைஞர், இருவராலும் சேர்ந்து ஆட முடியுமா என்பது அதுவரை படத்தின் கேள்வி. பேசாமல் நடக்கிறார்கள். திறந்தவெளியில் ஆடிக்கொண்டிருக்கும் ஜோடிகளைத் தாண்டி, ஆளில்லாத இடத்துக்கு வருகிறார்கள். நடந்தபடியே அவள் ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். அவர் ஒரு அடியில் பதில் சொல்கிறார். முதல் தடவை பார்க்கும்போது வெறுமனே பாருங்கள். இரண்டாவது தடவை எங்கே வெட்டு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், மூன்றாவது தடவை சிட் சரீஸின் கையை மட்டும் பாருங்கள்.